திரும்பிப் போன கையுறைகள்

கல்மண்டபம்,
தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.

அன்புள்ள மகன் சாவியோவுக்கு, அம்மா எல்சி சொல்லச் சொல்ல உன் தங்கை ஸ்டெஃபி கையால் எழுதுவது. நம் கோயில் ராயப்பர் புண்ணியத்தில் இங்கே இரண்டு பேரும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது முரண்டு பிடிக்கிறது, நீ அந்தக் கொரியாக் குளிரில் கைகால் விறைக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைச் சொல்கிறேன். போனிலேயே பேசலாமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். உன்னோடு கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் பார்க்கிற திருவொற்றியூர் அர்ஜுன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் நெத்திலிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், அந்தப் பார்சலிலேயே இதையும் வைக்கிறேன். ஊறுகாயை ஈரக் கரண்டியால் தொடாதே.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா வருஷப் பூசைக்குக் கோயிலில் பெயர் கொடுத்துவிட்டேன், அன்றைக்கு நீயும் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்று. மாடிப்படிக் கம்பி உப்புக்காற்றில் இற்றுப்போய் நேற்று என் கையோடு வந்துவிட்டது. அமெரிக்காவில் அக்கா ஜானட் மகனுக்கு நாலு பல் வந்தாயிற்று, ஒரு வயசுப் பிள்ளையைத் தனி ரூமில் படுக்க வைத்துச் சுவரில் கேமரா மாட்டி அதில் பார்த்துக்கொள்கிறார்களாம், எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறான். உன் ஊரில் கிழவிகள் பேரப்பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கே வருகிறார்கள் என்று நீ சொன்னாய், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்தால் மேலதிகாரி யாரோ தான் யாரோ என்கிறாள் ஜானட், நீயோ மேஸ்திரி சாப்பிடக் கூப்பிட்டால் தூக்கம் வந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும் என்கிறாய், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு உலகத்தில் குடித்தனம் செய்கிறீர்கள், நான் நடுவில் கல்மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன். அந்தக் குழப்பம்தான் இப்போது உன் கல்யாணத்தில் வந்து விடிந்திருக்கிறது.

ஜானட் மாமியார் லிண்டா போன வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்தது உனக்குத் தெரியும். நல்ல மனசுக்காரி, நான் குறை சொல்லவில்லை. வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள், முதல் நிமிஷத்திலேயே எல்சி எல்சி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், உன் அப்பாகூட என்னை அத்தனை தடவை பெயர் சொன்னதில்லை. கண்டெய்னர் லாரி நெரிசலில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்தவள் அதையும் பெரிய வேடிக்கை என்று சிரித்தாள். செருப்போடு நடு வீடு வரைக்கும் வந்தாள், ஆனால் தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூட என்னைக் கேட்டுத்தான் குடித்தாள். மீன் குழம்பில் தலையைப் பார்த்ததும் தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டாள், மீனின் கண் தெரியாத பக்கமாக. மறுநாள் காசிமேட்டில் என் மீன் கடைக்கே வந்து, கத்தியும் கையுமாகச் செதில் தெறித்த முகத்தோடு நான் உட்கார்ந்திருந்ததைப் படம் பிடித்துத் தன் ஊர் ஜனங்கள் பார்க்கப் போட்டாள். பிரியத்தில்தான் போட்டாள். ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஜானட் போன் பண்ணி, அம்மா ஒரு நல்ல புடவை கட்டியிருக்கக் கூடாதா, என் ஆஸ்பத்திரியில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்றாள். பக்கத்து வீட்டு திலீப் தெருவிலேயே நின்றுகொண்டு, இன்னா ஆன்ட்டி அமெரிக்காகாரன் வவ்வா மீன் கேட்டு வூட்டாண்ட லைன்ல நிக்கப் போறான் பாரு என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து, படத்தில் கட்டியிருந்த அந்தப் புடவையைத் துடைக்கிற துணியாகக் கிழித்தேன்.

அதனால்தான் நீ கட்டிக்கொள்ளப் போகிற ஹேஜினும் அவள் அம்மாவும், உனக்கு லீவு கிடைக்காததால் அவர்கள் மட்டுமாக, கொரியாவிலிருந்து வருகிறார்கள் என்றதும் முன்கூட்டியே புத்திசாலியாக இருந்துவிட்டேன். வெளிநாட்டுக்காரர் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைப்பு. மீன் அள்ளுகிற அன்னக்கூடை, கட்டை, கத்தி எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், இரண்டு நாள் கடை போடவில்லை, புளியும் எலுமிச்சையும் போட்டுக் கை எரிய எரியத் தேய்த்தேன், மீன் சமைக்காமல் மட்டன் பிரியாணி போட்டேன். அவர்கள் வந்த விதமே வேறு. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்து, முன்னால் நுழையக் கூடாதென்று தெருமுனையில் நின்றார்களாம், என்னோடு கடை போடுகிற மங்கம்மா பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாள். செருப்பை வாசலில் கழற்றி அதையும் நேராகத் திருப்பி வைத்தார்கள். கட்டிப்பிடிக்கவில்லை, குனிந்து கும்பிட்டார்கள். அந்த அம்மா போனில் தமிழாக்கி முதலில் கேட்டது என் வயசு, நான் இரண்டு வயசு மூத்தவள் என்று தெரிந்ததும் நான் உட்காரும் வரைக்கும் உட்காரவில்லை. பழப்பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்தார். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நம் தெருவில் கூப்பிடுகிற மாதிரி சாவியோ அம்மா என்றுதான். சாப்பிடும்போது தன் தட்டில் விழுந்த நல்ல கறியை எடுத்து ஸ்டெஃபி தட்டில் வைத்தார். ஆனால் லிண்டா மாதிரி நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லவில்லை, பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எதையோ தேடுகிற மாதிரி. அதற்குமேல் என் கையையே பார்த்தார். நான் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன், அப்போதும் பார்த்தார். போகும்போது முகம் இறுகிவிட்டது.

ஆறு வாரம் ஆகிறது. போனதும் கல்யாணத் தேதி சொல்கிறோம் என்றவர்கள் சொல்லவில்லை, நீயும் பார்க்கலாம்மா பார்க்கலாம்மா என்று இழுக்கிறாய். எனக்கு விஷயம் புரிகிறது நைனா. எத்தனை தேய்த்தாலும் மீன்காரி கை மீன்காரி கைதான், அந்த அம்மா மோப்பம் பிடித்துவிட்டார். நீ என்னால் தலை குனிய வேண்டாம். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. முழங்கால் ஆபரேஷன் என்று சொல்லிவிடு, நம்பும்படியான வியாதிதான். போட்டோவில் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். மிச்சத்தைக் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து வந்து சொல்கிறேன், மணி அடித்துவிட்டது, ஸ்டெஃபி பேனாவை மூடி வை என்கிறேன்.

அண்ணா, இனிமேல் எழுதுவது நான், ஸ்டெஃபி. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். நான் பேனாவை மூடவில்லை. அம்மா சொன்னதை எல்லாம் அப்படியே எழுதினேன், எழுதும்போது என் காது சூடாகிவிட்டது, ஏனென்றால் அவள் உன் கல்யாணத்துக்கு வராமல் போவதற்குக் காரணம் அவள் கை இல்லை, நான். அன்றைக்கு ஹேஜின் அண்ணி நம் அம்மாவோடு சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் அண்ணியின் அம்மாவும் மட்டும் ரூமில் இருந்தோம். நான் யாரிடமும் பேச மாட்டேன் என்று உனக்குத் தெரியும், அவர் சிரித்துக்கொண்டே தன் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து அவர் பாஷையில் ஏதோ சொன்னார், போன் அதைத் தமிழாக்கி, உங்கள் தாயாரின் தொழில் யாது என்று வாத்தியார் மாதிரி கேட்டது. எனக்கு லிண்டா போட்ட படம் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் என் பையை மோந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்த பெண்கள் ஞாபகம் வந்தது, அப்பா இறந்தபிறகு வீட்டு வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்லித்தான் ஒன்பதாவதோடு நின்றேன், ஆனால் அந்த பஸ்ஸும் ஒரு காரணம், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் அந்த போனில், அம்மா வீட்டில்தான் இருக்கிறார், வேலை எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் மறுபடியும் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மீன் துறைமுகம் அருகில் உள்ளதாமே, உங்கள் தாயாருடன் அங்கு செல்ல விரும்புகிறேன் என்று கேட்டார். அங்கே ஒரே கலீஜ், நல்லவர்கள் யாரும் போக மாட்டார்கள், எங்கள் அம்மா போனதே இல்லை என்றேன். அவர் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது, மேலே அழகாக முடிச்சுப் போட்டது. முடிச்சில் கை வைத்திருந்தவர் கையை எடுத்துவிட்டார். மூட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். நான் அதைப் பார்த்தேன், ஆனால் எதற்கென்று தெரியவில்லை.

போன திங்கள்கிழமை அண்ணி எனக்கு ஒரு படமும் செய்தியும் அனுப்பினார். அண்ணி அம்மாவுக்கு மார்க்கெட்டில் கடை என்று நீ சொன்னபோது கண்ணாடிக் கதவு போட்ட கடை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தப் படத்தில் அவர் பூசான் ஊர் மீன் மார்க்கெட்டில் ஈரத் தரையில், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், முழங்கை வரைக்கும் சிவப்பு ரப்பர் கையுறை, ஒரு கையில் கத்தி, முன்னால் மீன் தட்டுகள், முகம் அம்மா பேரம் பேசும்போது இருக்குமே அதே முகம். கீழே போன் தமிழில் அண்ணி எழுதியிருந்தார். என் அம்மா முப்பது வருடமாக மீன் விற்று என்னைப் படிக்க வைத்தார். உங்கள் தாயாரும் அதே தொழில் என்று சாவியோ முதல் நாளே கூறினார், அதனால்தான் என் அம்மா இத்திருமணத்துக்குச் சம்மதித்தார். தான் அணிவது போன்ற கையுறைகளும் ஏப்ரனும் உங்கள் தாயாருக்காகக் கொண்டுவந்தார், ஆனால் கொடுக்க இயலவில்லை. அவர் கேட்கிறார், உங்கள் இடத்தில் மீன் விற்பது அவமானமா, அப்படியானால் நாளை என்னையும் கட்டிலுக்கு அடியில் மறைப்பார்களா. அண்ணா, கட்டிலுக்கு அடியில் என்றே எழுதியிருந்தார், அன்னக்கூடையின் விளிம்பு வெளியே தெரிந்திருக்கிறது, அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் என்னைக் கேட்டிருக்கிறார். தெரிந்தேதான் கேட்டார், நாங்களாகச் சொல்வோம் என்று.

அன்றிலிருந்து ஐந்து நாளாக நான் பதில் போடவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அண்ணியும் உன்னிடம் சொல்லாமல்தான் வைத்திருக்க வேண்டும், சொல்லியிருந்தால் நீ என்னைக் கேட்டிருப்பாய். அம்மா தினமும் கையை மோந்து பார்த்துக்கொள்கிறாள், அதைப் பார்த்துக்கொண்டு நான் சோறு வடித்தேன். இப்போது மணி ஆறரை ஆகிறது, அம்மா வந்துவிடுவாள். எந்தக் கடிதம் எழுதினாலும் மூடுவதற்கு முன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்வாள், அவளுக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வாசித்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அந்த யோசனை எனக்கு வந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அண்ணா, வாசித்துவிட்டேன். ஒரு வரி விடாமல். தலையை நிமிர்த்தவில்லை, பஸ் வரி வந்தபோது குரல் போய்விட்டது, அம்மா சத்தமா படிச்சிக் காமிடி என்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். பிறகு மெதுவாக, ஏன்டி, என் மேல அவ்ளோ நாத்தமா அடிக்கிது, உன்கூடதான படுத்துகினு கீறேன், ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். அடித்திருந்தால் தேவலை. நான் அழுததும் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, சரி வுடு, நீ போன்ல பொய் சொன்ன, நான் பிரியாணி அண்டால பொய் சொன்னேன், மீன்காரி வூட்ல மீன் இல்லாத சோறு போட்டா அந்தம்மா இன்னாதான் நினைக்கும் என்றாள். கொஞ்சம் கழித்து, என் கையை மறைக்கிறதுலயே இருந்துட்டேன், அவங்க கைய ஒரு தபா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்டி என்றாள்.

அப்புறம் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். போனைக் கிட்டே கொண்டுபோய் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டில் இருந்த மீனைத்தான் பார்த்தாள். செவுள் சிவப்பா கீது, நல்ல சரக்கு என்றாள். கல்யாணத்துக்கு வரவில்லை என்று எழுதியதை அடித்துவிடச் சொன்னாள், நான் அடிக்கவில்லை, நீ இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். நாளைக் காலையில் நான் அம்மாவோடு காசிமேட்டுக்குப் போகிறேன், லிண்டா வந்துபோனபிறகு நான் அங்கே போவது இதுதான் முதல் தடவை. கடையில் கத்தியோடு அவள் உட்கார்ந்திருப்பதை நான் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு இந்தப் பார்சலில் வைக்க வேண்டுமாம். நல்ல புடவை கட்டுகிறாயா அம்மா என்று கேட்டேன். கட்டமாட்டாளாம். பக்கத்தில் என்னையும் உட்காரச் சொல்கிறாள், மங்கம்மா எடுப்பாளாம். திலீப் அந்தப் பக்கம்தான் ஐஸ் வண்டி ஓட்டுகிறான், ஆனால் உட்காருவேன்.

மறுபடியும் அம்மா சொல்கிறாள். சாவியோ, அந்த அம்மாவிடம் நீயே நேரில் போ, கையில் பழம் கொண்டுபோ, இரண்டு கையாலும் கொடு, உன் தங்கை சொன்ன பொய்யையும் நான் ஒளித்ததையும் ஒன்றுவிடாமல் சொல், அப்பாவி மாதிரி பூசி மெழுகாதே. கல்யாணத்துக்கு நான் வருகிறேன், முழங்கால் என்ன ஆனாலும் சரி. என் படத்தைப் பார்த்து வெட்கப்பட்ட ஜானட்டிடமும் நானே பேசிக்கொள்கிறேன். இன்னொன்று, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், அந்தக் கையுறையை இன்னும் வைத்திருந்தால் எனக்கே கொடுக்கச் சொல், தபாலில் வேண்டாம், நான் வந்து அவர் கையாலேயே வாங்கிக்கொள்கிறேன். என் கை அவர் கையைவிடக் கொஞ்சம் பெரியது, அதையும் சொல்லிவிடு. வேளைக்குச் சாப்பிடு, வெல்டிங் கண்ணாடி போடாமல் வேலை செய்யாதே, கடவுளும் மாதாவும் உன் அப்பாவும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். நெத்திலியில் பாதி அந்த வீட்டுக்கு, மறக்காதே.

உன் அம்மா,
மீன் வியாபாரம்,
எல்சி

(கையெழுத்துக்கு மேலே இருக்கும் அந்த இரண்டு வார்த்தையை அம்மா என்னை எழுதச் சொன்னாள். பெயரை அவளே எழுதினாள். ஸ்டெஃபி)