துன்பத்தைப் பற்றிய தாள்

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. இறையியல் பரீட்சைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சோம்பல் படாமல் சுடவைத்துச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார். பின்கதவுச் சாவி டிவி பக்கத்தில்.

காலையில் வந்ததும் வராததுமாக நீங்கள் கேட்டது காதிலேயே நிற்கிறது. "இந்த வயசுல விழுந்து விழுந்து படிச்சா நம்ம பையன் திரும்பி வந்துடுவானா?"

வரமாட்டான். எனக்கும் தெரியும். அவனை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லாரும், "கடவுளுக்குப் பிடிச்ச பிள்ளை, அதான் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்கள். பதில் சொல்லத் தெரியாமல் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அப்படித் தலையாட்டியதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் படுக்கை விரிப்பு துவைத்துவிட்டு வந்தும் புத்தகத்தை எடுத்தது அதற்காகத்தான்.

இன்றைக்குத் துன்பத்தைப் பற்றிய தாள். பக்கம் பக்கமாக எழுதிவிடுவேன். எழுதுவதை நானே நம்புவேனா, அதுதான் தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

உங்கள் நீலச் சட்டைக்குப் பட்டன் தைத்துவிட்டேன். கோபத்தோடுதான் தைத்தேன், ஆனாலும் அறுந்துவிடாது.

பி.கு.: முடிந்தால் சாயங்காலம் கூட்டிப்போக வாருங்கள். எப்படி எழுதினேன் என்று கேட்க வேண்டாம். அவன் போனதிலிருந்து நீங்கள் அவன் பெயரைக்கூடச் சொன்னதில்லை. வரும் வழியில் அவனைப் பற்றி ஏதாவது பேசுங்கள். சேட்டை பண்ணி உங்களிடம் அடி வாங்கிய கதையாக இருந்தாலும் சரி.