அக்காவுக்குத் தலை சுத்தாத கார்

சந்தைக்கு எனக்கு முன்னாடியே போய், எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைக்கிற என் மச்சானுக்கு,

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து சுப்பு எழுதுகிறேன். அடுத்த மாசம் உங்களுக்கு வருஷத் திதி. களைப்பாக இருக்கிறது மச்சான். கடை ஓடுகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து கிழங்கும் மிளகும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருத்தன் பார்க்கிறேன், அவ்வளவுதான். மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், மறுபடி எழுந்திருக்க ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு எழுதுவது கார் விஷயமாக. சிரிக்காதீர்கள்.

நம் கார் கதை சந்தையில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கையிலும் இந்தக் கடுதாசி கிடைக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். லாரியில் க்ளீனராக ஏறி, அந்த லாரியையே வாங்கி, அப்புறம் கடை போட்டு, நீங்கள் உங்களுக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. ஒரு நல்ல கார். "நாய்க்குட்டி மாதிரி சத்தமில்லாம வந்து காலடியில நிக்கோணும் சுப்பு" என்பீர்கள். தொண்ணூற்றேழில் முதல்முதலாகக் கோயம்புத்தூருக்குப் போய்ப் பார்த்தோம். அதற்கப்புறம் புதுசாக எந்தச் சீமைக் கார் வந்தாலும் போனோம்.

ஷோரூம்காரன் வேட்டியைப் பார்த்து முகம் சுளிப்பான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கோயம்புத்தூரில் அதெல்லாம் கிடையாது. வேட்டி கட்டினவன்தான் லோன் கேட்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். உள்ளே காலை வைத்ததும் இளநீர் வரும். அவன் இன்ஜின், ஏர்பேக் என்று சொல்லிக்கொண்டிருப்பான். நம் இரண்டு பேர் கையும் உங்கள் துண்டுக்கு அடியில் இருக்கும். மாட்டுச் சந்தைப் பழக்கம், எங்கே போனாலும் விடாது. நமக்குள் கணக்கு எளிது. விரலை இறுக்கிப் பிடித்தால் முடிக்கலாம், கையை விட்டுவிட்டால் கிளம்பலாம்.

ஒவ்வொரு தடவையும் நீங்கள் கையை விட்டீர்கள்.

விலை கட்டுப்படியாகாமல்தான் விடுகிறீர்கள் என்று நான் நினைத்தேன். அதனால் அடுத்த தடவை இன்னும் கீழே அடித்துக் கேட்டேன். ஒரு தடவை மேனேஜரே இறங்கி வந்து, சீட் கவர், மேட்டு, முதல் வருஷ இன்சூரன்ஸ் எல்லாம் சும்மா தருகிறேன் என்றார். நான் உங்கள் விரலை நெரித்தேன். நீங்கள் கையை விட்டீர்கள். வெளியே வந்து, "ஏனுங்க மச்சான், இன்னும் என்னத்தத்தான் கொறைக்கறது?" என்று கேட்டேன். "அடுத்த சீசன் பாத்துக்கலாம்" என்றீர்கள். "உங்களுக்குக் காரு வேணாமுங்க, ஓசி எளநிதான் வேணும்" என்று சொன்னேன். "எளநி நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தீர்கள்.

போன மாசியில், மலை மேல் அரியூர் நாட்டில், நமக்கு மிளகு போடுகிற சடையன் தோட்டத்துப் பலா மரத்தடியில் மிளகு எடை போட்டுக்கொண்டிருந்தோம். "கொஞ்சம் தண்ணி குடு" என்று உட்கார்ந்தீர்கள். தண்ணி வருவதற்குள் முடிந்துவிட்டது. உங்களை மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் இறங்கினேனே, அந்த மலை ரோட்டில் அதற்கப்புறம் மாசக்கணக்கில் நான் ஏறவில்லை. லாரியை மட்டும் அனுப்பி லோடு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அந்த மலையில் ஏற வேண்டும். கார்த்திகை தீபத்தன்று ஊட்டுக்குப் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். "சாமி, அவரு கடேசியா உக்காந்த எடத்த நான் ஒருக்காப் பாக்கோணும். திதிக்கு முன்னால பாத்துப்போட்டனா, அப்பறம் ஐயரு சொல்றதெல்லாம் செய்யலாம்."

அக்காவுக்கு வளைவு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததா? பஸ்ஸில் முயன்றோம், நம் ஜீப்பில் முயன்றோம். அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் வளைவு ஏறியதுமே கண்ணைச் சொருகிவிடுகிறாள். எலுமிச்சம்பழம், புளி, ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தூங்கிவிடுகிறாள். "தூங்கீட்டே போயிப் பாக்கறதுக்கு நானெதுக்கு? என்ற போட்டாவக் கொண்டு போ" என்கிறாள். ஜீப்பை விட நல்ல வண்டியில் ஏற முடிகிறதா என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். வாங்குவதாக இருந்தால் வாங்குவேன், ஆனால் வண்டி இங்கே வர வேண்டும், என் அக்கா ஏறி உட்கார வேண்டும், மலையில் நான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். சரி என்றார்கள்.

முதலில் வந்தது கறுப்பு. வந்த மூன்றில் இதற்குத்தான் விலை அதிகம். அந்த விலைக்கு அரியூரில் பள்ளத்து வயலோடு ஒரு தோட்டமே பேசலாம். நீங்கள் இருந்திருந்தால் அதைத்தான் தடவிக்கொண்டு நின்றிருப்பீர்கள். கதவைச் சாத்தினால் வெளியே உலகம் இருப்பதே தெரியவில்லை. ரோட்டில் கல் கிடப்பது தெரியவில்லை, குழி தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. வளைவுக்கு வளைவு தூளி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறு பக்கம் சாய்ந்தது. "எறக்கி உடு சாமி" என்றாள் அக்கா. கூட வந்த சேல்ஸ் தம்பி பேப்பரை விரித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அக்காவை விட சீட்டுக்குத்தான் பயந்தான். தப்பில்லை, அவன் சரக்கு அவனுக்கு.

அடுத்த வாரம் வெள்ளி நிறக் கார். கறுப்பை விட ஒரு பிடி மலிவு, பெரிய வித்தியாசம் இல்லை. இது சாயவில்லை. ஆனால் காலை வைத்தால் பாய்கிறது. நாமக்கல் ரோட்டை நாலு வழியாக்கி முடித்தார்களானால் அங்கே ஓட்டுவதற்குச் சரி. மலையில் மிதி, பிரேக், மிதி, பிரேக் என்று போக வேண்டியிருந்தது. போன தடவையை விட மேலே போனோம். அக்கா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள், "இது எங்கயோ அவசரமாப் போகுது கண்ணு. எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல." திருப்பிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, இனி முடியாது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வயசான மனுஷியை வாரம் ஒரு தடவை வாந்தி எடுக்க வைக்கிறோமே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. அக்காதான் போன் பண்ணி, "அடுத்த காரு எப்ப வருது?" என்று கேட்டாள்.

மூன்றாவது நீலம். நடுத்தர சைஸ். அந்த இரண்டோடு ஒப்பிட்டால் விலை நன்றாகவே இறங்கிவிடுகிறது. அதைக் கொண்டுவந்த தம்பியே தயங்கித்தான் பேசினான். "சார், பெரிய வண்டியெல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னாங்க. இது உங்களுக்குச் சின்னதாத் தெரியும். ஆனா நல்ல ஸ்போர்ட்ஸ் செடான் சார்."

"வெளையாடறதுக்குங்களா?" என்றாள் அக்கா.

"ஓட்டறதுக்குங்கம்மா."

"அப்ப மத்ததெல்லாம் எதுக்காமா?"

அவன் கார்க் கதவைத் திறந்துவிட்டான். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் மனசில் நிற்கிறது.

குறையை முதலில் சொல்கிறேன், நமக்கு அதுதானே பழக்கம். பின் சீட்டில் முழங்கால் இடிக்கிறது. மெத்தை கெட்டி. டயர் சத்தம் உள்ளே வருகிறது. பெரிய கார்களில் மரமும் தோலும் இருந்த இடத்தில் இதில் பிளாஸ்டிக். காரின் மூக்கில் இருக்கிற கம்பெனிச் சின்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். பெரியவை இரண்டும் கூடுதலாகக் கேட்ட காசில் பாதி அந்தச் சின்னத்துக்கு, மீதி மெத்தைக்கு. வளைவுக்கென்று அதில் ஒன்றும் இல்லை. நீலத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் திருப்பின அளவுக்குத் திரும்புகிறது. சாயவில்லை, பாயவில்லை. கல் ஏறினால் கல் என்று சொல்கிறது.

பின்னால் இடம் போதாததால் அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்தேன். தம்பி பின்னால் மடங்கிக்கொண்டான். காரவள்ளி செக்போஸ்ட் தாண்டியது. கறுப்பில் திரும்பின வளைவு தாண்டியது. வெள்ளியில் திரும்பின வளைவும் தாண்டியது. நான் அக்கா பக்கம் பார்க்கவே இல்லை, பார்த்தால் அவளுக்குத் தலைசுத்தல் ஞாபகம் வந்துவிடும் என்று பயம். அவளே பேசினாள்.

"இந்த வளவுலயா நம்ம லாரி பள்ளத்துல எறங்குச்சு?"

"அது இன்னும் மேலக்கா."

"அவரு இங்கெல்லாம் வண்டிய நிறுத்தித் தண்ணி ஊத்துவேன்னு சொல்லுவாரே?"

"அந்தா, அந்தப் பாறைகிட்ட."

உங்கள் பாதை முழுக்க அவளுக்கு மனப்பாடம். பாதி தூரம்கூட அவள் ஏறிப் பார்க்காத பாதை. இத்தனை வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டில் இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

மேலே ஏறி, அரியூர் நாட்டு மண் பாதையில் திரும்பியதும் காரின் அடிவயிறு ஒரு கல்லில் உரசியது. தம்பி முகம் செத்துப்போயிற்று. உயரம் கம்மி, அதையும் குறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கி நடந்தோம்.

சடையன் வயலிலிருந்து ஏறி வந்தான். என்னிடம் பேசவில்லை. ஒரு வருஷமாக லாரியை மட்டும் அனுப்பினவனிடம் என்ன பேசுவான்? அக்காவைக் கும்பிட்டுவிட்டு ஊட்டுக்குள் போய், மடித்த ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். உங்கள் துண்டு. துவைத்து வைத்திருந்தான்.

"லாரியில குடுத்து உட்டிருக்கலாமே சடையா" என்றேன்.

"டிரைவர் கையில குடுக்கற சாமானுங்களா அது?"

அக்கா துண்டை வாங்கிக்கொண்டாள். "எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தாரு?" என்று கேட்டாள். சடையன் காட்டினான். அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். முன்னால் நெல் வயல், அதற்கப்புறம் கிழங்குக் காடு. பலா மரத்தில் மிளகுக் கொடி பழுத்துக் கிடந்தது. அழவில்லை. "நல்ல எடமாத்தான் இருக்குது" என்றாள். மரத்தை அண்ணாந்து பார்த்து, "வெயிலில்ல" என்றாள்.

தம்பி என் பக்கத்தில் வந்து, "புக் பண்ணிக்கலாங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்கு அன்றைக்குள் கோயம்புத்தூர் திரும்ப வேண்டும். பாவம். காரியம்தான் முடிந்துவிட்டதே, இனிக் கார் எதற்கு என்று ஒரு பக்கம் தோன்றியது.  இத்தனை வருஷமும் நான் விலை பேசினேனே ஒழிய, முடிவு உங்கள் கையில்தானே இருந்தது?

"இங்க வந்து உக்காரு சாமி" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். உங்கள் துண்டை என் கை மேல் விரித்தாள். அதற்கு அடியில் அவள் கை வந்தது.

"இது உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அவரு எங்கிட்டச் சொல்லாத யாவாரம் எது?" என்றாள். "கோயமுத்தூர் போயிட்டு வர்றப்பல்லாம் சொல்லுவாரு. காரு நல்லாத்தான் இருந்துச்சு பாப்பாத்தி, நீ ஏற மாட்டீன்னு கைய உட்டுட்டு வந்துட்டேன், சுப்பு என்னயக் கஞ்சன்னு நெனச்சுட்டிருக்கறான்னு சிரிப்பாரு."

நான் வயலைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

ஒரே ஒரு தடவை அவளை ஏற்றிப் பார்த்திருக்கலாமே மச்சான்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோயம்புத்தூரில் இருக்கிற அத்தனை காரையும் வாசலுக்கு வர வைத்திருக்க மாட்டேனா? முன் சீட்டு, சாயாத வண்டி, அவசரப்படாத கால். இவ்வளவுதானே தேவைப்பட்டது? உங்களைக் கோபித்துக்கொள்ள இப்போது எனக்குத் தெம்பில்லை. கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா என் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

விலை பேசினேன். பேசாமல் வாங்கியிருந்தால் நீங்களே என்னை மதிக்க மாட்டீர்கள். மேட்டும் சீட் கவரும் சும்மா, இன்சூரன்ஸில் பாதி. துண்டுக்கு அடியிலிருந்து கையை எடுக்காமலே பேசி முடித்தேன்.

நேற்றுக் கார் வந்தது. அக்கா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். முன் சீட்டில் உங்கள் துண்டை மடித்துப் போட்டிருக்கிறாள், யாரையும் எடுக்க விடவில்லை. இதை எழுதும்போது கடைக்கு முன்னால்தான் நிற்கிறது. உங்களுக்குப் பிடித்திருக்கக்கூடிய கறுப்பு இல்லை. சத்தமும் கொஞ்சம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி மேலே லாரியை மட்டும் அனுப்ப மாட்டேன். எடைக்கு நானே வருவேன், சடையனிடம் பேச்சு வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு மாசியிலும் அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்து, மெதுவாக, அந்தப் பலா மரத்தடிக்குக் கூட்டி வருவேன். மண் பாதையில் இறங்கி நடந்தே வருகிறோம்.

நீங்கள் விட்ட கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மச்சினன்
சுப்பு