ராத்தாவின் கேசட்டுகளுக்கு ஒரு புரொசசர்

என் அன்புள்ள ஜெஸீமா ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கும் கபுறுக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். மையவாடிக்கு நாங்கள் பெண்கள் வருவதில்லையே, அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற உங்கள் தங்கச்சியின் எழுத்து இது. பிழை இருந்தால் பேத்தி சுமையா திருத்துவாள். கோபம் இருந்தால் திருத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊரே படிக்கும்படி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நீங்கள் படம் பிடித்த மணப்பெண்கள் அக்குறணையிலும் குண்டசாலையிலும் கடுகண்ணாவையிலும் பேரப்பிள்ளை கண்டவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் செய்தி போக வேண்டும்.

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்துக்குள் எந்தக் கேமராக்காரனும் வர முடியாத காலத்தில், தோளில் கேமராவோடு நீங்கள் போனீர்கள். லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான் வந்தேன். படம் பிடிக்க முதல் ஒவ்வொரு பெண்ணின் தாயிடமும் ஒரே வாக்கைத்தான் கொடுப்பீர்கள்: "பயப்படாதீங்கொ. இந்தக் கேசட்ட வேற ஆம்புளக் கண்ணு பாக்காது. என்ட அலுமாரிய விட்டுப் போகாது." அந்த வாக்கை நம்பித்தான் அவர்கள் முக்காட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். லைட் பிடித்தவளுக்கும் அந்த வாக்கில் பங்கு உண்டா இல்லையா?

நீங்கள் மௌத்தாகி அலுமாரி என் பொறுப்புக்கு வந்தபோது கேசட்டுகளில் பூஞ்சணம் ஏறத் தொடங்கியிருந்தது. கண்டி மழைக்கு எதுதான் தப்பும்? கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுமையா லீவு நாட்களில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாள். எல்லா டிஸ்க்கையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்குள் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு சேமிப்பு மெஷினைத் தானே கட்டப்போகிறேன் என்றாள். அதற்கு ஒரு மூளை வேண்டுமாம். அதன் பேர்தான் புரொசசர். எங்கள் சண்டையெல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது.

உங்கள் மகன் ரிஸ்வான் கொழும்பிலிருந்து போன் பண்ணினான். "சாச்சி, என்னத்துக்கு இந்தக் கஷ்டம்? எல்லாத்தயும் இண்டர்நெட்டுல ஏத்தி வச்சா முடிஞ்சிதானே."

"ஓ, ஏத்துவாய். ஆஸ்பத்திரியில உம்மாட தலத்துணி விலகின படத்தயே ஊருக்குக் காட்டினவன்தானே நீ" என்றேன்.

ஆமாம் ராத்தா, உங்களுக்கு இது தெரியாது. நீங்கள் நினைவில்லாமல் கிடந்தபோது, துஆ செய்யுங்கள் என்று எழுதி அந்தப் படத்தைப் போனில் எல்லாருக்கும் போட்டான். நான் கத்தியதும் எடுத்துவிட்டான். எடுத்தால் பார்த்த கண்கள் பார்க்காத கண்கள் ஆகிவிடுமா? அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு அளவாகத்தான்.

அவன் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரின் புரொசசரை அனுப்பி வைத்தான். சும்மா கிடைத்ததை ஏன் விட வேண்டும் என்று சுமையா அதையே போட்டாள். பெட்டி வேலை செய்தது. நானும் மாஷா அல்லாஹ் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுமையாவின் வாப்பா, என் மருமகன், தன் கூட்டாளிமாரோடு ஹோலில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தார். டீவியில் ஏதோ பொத்தானை அழுத்தியிருக்கிறார். வீட்டுக்குள் புதிதாக ஒரு பெட்டி வந்திருப்பதை அந்த டீவி தானாகவே கண்டுபிடித்துவிட்டது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். எல்லாம் மணப்பெண்கள்.

மருமகன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார். "சுமையா! கிரிக்கெட்டுக்குள்ள கல்யாண வீடு வந்தீக்குதுடீ!" கூட்டாளிமார் கூரையையும் தரையையும் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

"ஐயோ உம்மும்மா, அப்பிடிப் புடுங்கக் கூடா! டிஸ்க் போயிரும்!"

"டிஸ்க் போனாப் போகட்டும். ராத்தாட வாக்குப் போகக் கூடா."

அல்லாஹ் காப்பாற்றினான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் சுமையாவின் முகம் வெளுத்துவிட்டது. படம் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக அவள் பெட்டிக்குப் பூட்டுப் போடாமல் விட்டிருந்தாள். நம் வீடுதானே என்று நினைத்திருக்கிறாள். நம் வீட்டிலும் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இரண்டு இருப்பது டீவிக்கு எப்படித் தெரியும்?

அன்றே டிஸ்க் முழுக்கப் பூட்டு வைத்தாள். கள்ளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாதாம். திறக்க நீளமான ஒரு வாசகம் வேண்டும், யாரும் ஊகிக்கக் கூடாது, எங்கும் எழுதி வைக்கவும் கூடாது என்றாள். "எழுதாம யாருக்கு ஞாபகம் ஈக்கும் உம்மும்மா?"

எனக்கு இருக்கும் என்றேன். என் கோபங்களை ஆதியிலிருந்து வரிசையாகச் சொன்னேன். யார், என்ன செய்தார்கள், எந்த வீட்டில். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. அதுதான் வாசகம். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அடுப்படி வேலையை விட்டுவிட்டுப் போய், ஒற்றை விரலால் தட்டித் திறக்கிறேன். உங்கள் பேரும் அதில் இருக்கிறது ராத்தா. என்னைக் கேமராவைத் தொடவே விடவில்லையே நீங்கள். "உனக்கு மெஷின் விளங்காது, லைட்டப் பிடி" என்றீர்களே. மறப்பேனா?

பூட்டு வந்ததும் வேறொரு வில்லங்கம் வந்தது. குண்டசாலை ஃபரீனாவை ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்தன்று செருப்புக் கடித்துக் கால் நொண்டினாளே, அந்தப் பிள்ளை. அவளுடைய உம்மா போன மழைக்காலத்தில் மௌத்தானார். தாயின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. வாப்பாவுக்குப் படம் பிடிப்பது பிடிக்காதாம். பஸ்ஸில் வந்து இறங்கி, "ஒருக்காப் பாக்க ஏலுமா மாமி?" என்றாள்.

அலுமாரி இருக்கும் உங்கள் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுப் போட்டோம். தாய் வட்டிலாப்பத்தை ஒரு துண்டு எடுத்து மகளுக்கு ஊட்டப்போகிறார். கை பாதி வழியில் வந்து நின்றுவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. கொஞ்சம் அசைந்தது, திரும்பவும் நின்றது. ஃபரீனா வாயை லேசாகத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தாள், ராத்தா. அந்தக் கை வரவேயில்லை. "பரவால்ல மாமி, முகத்தக் கண்டேனே" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னால் அன்று சோறு உண்ண முடியவில்லை.

பூட்டையும் திறந்துகொண்டு, பழைய கேசட் படத்தை இந்தக் காலத்து டீவிக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக்கொண்டும் இருக்க அந்தப் பழைய புரொசசரால் முடியவில்லையாம். "பூட்ட எடுத்தா ஓடும்" என்றாள் சுமையா, என் முகத்தைப் பார்க்காமல்.

பூட்டை எடுப்பதா? தாயின் கை வராமல் விடுவதா? நீங்கள் இருந்தால் எதைச் சொல்வீர்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ரிஸ்வானுக்குத்தான் திரும்பவும் போன் போனது. அவன் பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் போடுகிற புரொசசர் ஒன்றைச் சொன்னான். "யானப் பலம் சாச்சி, எதயும் இழுக்கும்." சுமையா மறுத்தாள். அது இரவு பகலாகக் கரண்டைக் குடிக்கும், சூட்டைத் தணிக்கக் காற்றாடி இரையும், கரண்ட் போனால் பெட்டிக்கு வைக்கப்போகிற பேட்டரியும் தாங்காது என்றாள். அவள் பார்த்து வைத்திருந்தது சின்னது. பூட்டுத் திறக்க அதற்குள்ளேயே தனி வழி இருக்கிறது, படத்தை மாற்றத் தனி வழி இருக்கிறது. ஒன்றுக்கொன்று இடிபடாது.

"மாமா, நமக்கு யான வேணாம். ரெண்டு கை ஈந்தாப் போதும்" என்றாள்.

அவன் அதன் பேரைத் திரும்பக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சரி மகள், நானே வாங்கிட்டு வாறேன்" என்றான்.

ரெயிலில் வந்தான். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரெயில் குலுங்கும் என்று அந்தச் சின்னப் பார்சலை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமலே சொன்னான்: "சாச்சி, அந்தப் படம்... உம்மாக்கு ரெண்டு துஆ கூடக் கிடைக்கட்டுமெண்டுதான் போட்டேன். தலத்துணிய நான் கவனிக்கல்ல."

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை. அவன் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தான். அழும்போது அவன் மூக்கு உங்கள் மூக்கு மாதிரியே சிவக்கிறது, தெரியுமா? இரண்டாவது கோப்பையில் சீனி போட்டேன்.

சுமையா புரொசசரை மாற்றினாள். பெட்டி இப்போது மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. டீவிக்கும் தடை. உங்கள் அறையில் உள்ள ஒரு திரையில் மட்டும்தான் வரும்.

போன வெள்ளிக்கிழமை ஃபரீனா திரும்ப வந்தாள். நான் வாசகத்தைத் தட்டினேன். கதவைச் சாத்தினோம். தாய் வட்டிலாப்பத்தை எடுத்தார். கை வந்தது, நிற்கவில்லை, நேரே மகளின் வாய்க்குப் போனது. விரலில் ஒட்டியிருந்ததை மகளின் கன்னத்தில் தடவிவிட்டுத் தாய் சிரித்தார். ஃபரீனா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரம், படத்துக்குள்ளிருந்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. "ரஹ்மா, மறைக்காம அங்கால தள்ளி நில்லு!"

நான் தள்ளி நின்றேன் ராத்தா. இத்தனை வருடத்துக்குப் பிறகு, உங்கள் அறையில், சத்தியமாக ஓரடி தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்றேன். சுமையா திரும்பிப் பார்த்து, "யாரு சொன்ன உங்களுக்கு?" என்றாள். நான் திரையைக் காட்டினேன்.

உங்கள் மணப்பெண்களுக்குச் சொல்கிறேன்: கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, வந்து பாருங்கள். அழித்துவிடு என்று கேட்கிறவளுக்கு அவள் கண் முன்னாலேயே அழித்துத் தருவோம்.

உங்களுக்குச் சொல்கிறேன்: ரிஸ்வானை மன்னித்துவிட்டேன். உங்களையும்தான். ஆனால் ஒன்றையும் மறக்க மாட்டேன், மறந்தால் பெட்டி திறக்காது. என் நாக்கு அசையும் வரை அந்த வரிசை மாறாது. அதற்குப் பிறகு சுமையா சொல்வாள். வேறு கண் எதுவும் பார்க்காது.

இன்னும் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
உங்கள் தங்கச்சி,
ரஹ்மா,
அலவத்துகொட.