வகுத்தது போக மிச்சம்

மார்ச் 3

கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் அடித்துப் பழகினேன். எந்த உலகப் போரிலும் இத்தனை கம்பிகள் வளைந்திருக்காது. கடைசியில் துணி முழுக்க என் மேல் சரிந்தது. நான் உள்ளே இருந்து கர்ஜிக்க, அக்கா மகள் வெளியே நின்று போனில் படம் பிடித்தாள். "மாமா, நீங்க டென்ட்ட கட்டுறீங்களா, டென்ட் உங்களக் கட்டுதா?"

குடியிருப்பே திரண்டு வந்து பார்த்தது, ஆயிரம் பேர் இருக்கும் என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"வகுத்துட்டேன். நூறு. அதையும் வகுத்தா பத்து. மேல சொல்லு" என்றாள்.

கணக்கு டீச்சராக இருந்தவள். சின்ன வயதிலிருந்தே நான் சொல்வதைப் பத்தால் வகுத்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வாள். இந்த நோயை வீடு முழுக்கப் பரப்பியும் விட்டாள்.

நாளை கிளம்புகிறோம். சங்கிலி இல்லாத யானையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம் அவளுக்கு. "போறதா இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க" என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறது. இப்போதே சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலத்தானாம். அதுவும் அடைபட்டுவிடும். எப்போது என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

யானைப் படையையே உன் முன்னால் அணிவகுக்க வைக்கிறேன் என்று அக்காவிடம் சவால் விட்டிருக்கிறேன்.

மார்ச் 4

நாள் முழுக்கச் சாலை. மாமன்னரின் ரதமாகிய என் கார் ஏற்றத்தில் ஆஸ்துமாக்காரர் போல இரைத்தது. ஓட்டியவள் அக்கா மகள். வழி சொன்னவன் நான். அதனால்தான் கிளம்பின பெட்ரோல் பங்குக்கே திரும்பவும் வந்து சேர்ந்தோம்.

தேசியப் பூங்கா வாசலில் ஒரு தொப்பிக்காரர் விதிகளை ஒப்பித்தார். கூடாரம் அடிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. சத்தம் கூடாது. விலங்குக்கு எதுவும் போடக் கூடாது.

"இவன் வாய மூட ஏதாவது விதி இருக்குதா சார்?" என்று கேட்டாள் அக்கா. அவர் சிரிக்காமல், "வீட்டுலயே முடியலன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்றார்.

மார்ச் 5

மான்கள். நிஜமாகவே மான்கள். "அக்கா, அதோ!" என்று விரலை நீட்டினேன். அந்த விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு நேரம் பிடிக்கிறது. பிறகு விரலிலிருந்து புல். புல்லிலிருந்து புதர். சாவித்துவாரம் போய்ச் சேர்வதற்குள் மான்கள் போய்விட்டன.

பைனாகுலரைக் கொடுத்தேன், மகா புத்திசாலி! துவாரத்துக்குள் இன்னொரு துவாரம்.

கழுகு. போயிற்று. காட்டுப்பன்றிகள், வாலைத் தூக்கிக்கொண்டு. அதுகளும் போயின.

"புதர் நல்லா இருக்குடா" என்றாள். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னாள். நான் என்ன செய்யட்டும்? மானைப் பிடித்துக் கட்டியா வைக்க முடியும்?

மார்ச் 6

தப்புப் பண்ணிட்டேன்.

காலையிலிருந்து ஒரு காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அவள் சும்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கல எனக்கு.

"அக்கா, யானை! அக்கரையில! நாப்பது இருக்கும்! குட்டிங்க வேற, தும்பிக்கையாலயே மழை பெய்ய வைக்குதுங்க!"

அக்கா மகள் பின்புறம் காட்டும் கண்ணாடியில் என்னை முறைத்தாள்.

அக்கா தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பித் தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் தேடினாள்.

"வகுத்துப் பாத்தேன். ஒண்ணும் மிஞ்சலையேடா."

திட்டியிருக்கலாம். அவ திட்டல.

மார்ச் 7

கூடாரத்தைச் சுருட்டிக் கிளம்பிவிட்டோம். வெளியேறும் சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் அக்கா மகள் பிரேக்கை மிதித்தாள்.

யானை. சாலையோரத்தில், அக்கா உட்கார்ந்திருந்த பக்கமாக, அசையாமல் நின்றது. அக்கா மகள் எஞ்சினை அணைத்தாள்.

விரலை நீட்டவில்லை. பின் சீட்டிலிருந்து எட்டி, அக்காவின் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினேன்.

"யானை. ஒண்ணு."

"ம்."

"இது கால். மேல வா. இன்னும் மேல. காது. அப்படியே இடது பக்கம். கொஞ்சம். நிறுத்து."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு" என்றாள். "கண்ணு மட்டும் தெரியுதுடா. இவ்ளோ சின்னக் கண்ணா? சுத்திலும் எவ்ளோ சுருக்கம்!"

யானை காதை ஒரு தடவை வீசியது. சாலையைக் கடந்து மரங்களுக்குள் போயிற்று. அக்கா மகள் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நீ சொன்னதுல வகுக்க ஒண்ணுமே இல்லையே" என்றாள் அக்கா.

பாராட்டுத்தான். எனக்கு ஏனோ இனிக்கவில்லை.

ஜூன் 19

அக்கா டீ டம்ளரைத் தட்டிவிட்டாள். "மேஜைய யாரு நகத்துனது?" என்றாள். யாரும் நகர்த்தவில்லை.

ஆகஸ்ட் 12

இப்போது வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் அவளுக்கு. டாக்டர் அடுத்த தடவை எப்போது வர வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் என்ன நடக்கிறதென்று அவளுக்குச் சொல்வது என் உத்தியோகம். அந்த ஏரிக்கரைக்குப் பிறகு நான் திருந்தியவன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். "சைக்கிள் போகுது. எதிர் மாடில துணி காயுது. நாய் ஒண்ணு படுத்திருக்கு."

இன்றும் அப்படித்தான். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"என்னடா, செய்தி வாசிக்கிறியா? நாய் எவ்ளோ பெருசு?"

"நாய் அளவுதான்க்கா."

"ஒழுங்கா சொல்லுடா."

செருமிக்கொண்டேன்.

"அக்கா, அது... அது நாயே இல்ல. கன்னுக்குட்டி. இல்ல, லாரி. தெருவையே அடைச்சுக்கிட்டு படுத்திருக்கு. பஸ்ஸெல்லாம் அடுத்த ஊரச் சுத்திக்கிட்டுப் போகுது. அது கொட்டாவி விட்டதுல எதிர் மாடித் துணியெல்லாம் பறந்துடுச்சு."

சிரித்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் காத்திருந்தேன்.

"வகுக்கலையாக்கா?"

"வேணாம்டா. அப்படியே இருக்கட்டும்."