சிசோமோவின் ஊசி நாள்

பலாக்கா, 7 மே

மாண்புமிகு அக்கா சிசோமோ அவர்களுக்கு,

இதனால் அறிவிப்பது என்னவென்றால், நம் சிவப்புக் கோழி நேற்று மதியம் அம்மாவின் சர்ச் தொப்பிக்குள் முட்டையிட்டது. தொப்பி நலம். அம்மா நலமில்லை.

அடுத்த செய்தி: வைசன் அத்தானின் தாய்மாமா தன் ஆட்களோடு சம்பந்தம் பேச வந்தார். சபையை நடத்தியது உன் தம்பி! பாதிரியார், போலீஸ், நர்ஸ் எல்லார் குரலிலும் பேசிக் காட்டினேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கல்யாணக் கவலையை என்னிடம் விடு, படி.

உன் வக்கீல்,
லிம்பானி

சோம்பா, விடுதி, 15 மே

அன்புத் தம்பி,

கோழிக்குச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பில்லை. ஞாயிறன்று வைசன் வந்தார். "முதல் பிள்ளைக்கு முன்னாடியே கருத்தடை ஊசி போட்டுக்கிட்டியா? கருப்பை காஞ்சிருக்கும்னு மாமா சொல்றாரு" என்றார்.

படிப்பு முடியும்வரை என்றுதான், அவரிடமும் சொல்லாமல் போட்டுக்கொண்டேன். நம் ஊர் நர்ஸ் எனெலெசிக்கு மட்டுமே தெரியும். அவள்தான் சொல்லியிருக்கிறாள். என்னமாய்ச் சிரித்துப் பேசினாள்! சனிக்கிழமை அடுத்த ஊசி நாள். மருத்துவமனை பள்ளிக்கு எதிரில்தான், போகமாட்டேன். இனி எந்த நர்ஸையும் நம்பமாட்டேன். அன்று வைசன் வருகிறார். காயவில்லை என்று காட்டிவிடுகிறேன். வயிறு தெரிந்தால் பள்ளியிலிருந்து அனுப்புவார்கள். அனுப்பட்டும். இன்னும் ஒரு வருடப் படிப்புக்காக அவரை இழக்கவா?

அம்மாவிடம் சொல்லாதே.

சிசோமோ

பலாக்கா, 17 மே, வியாழன்

அக்கா,

மினிபஸ் கண்டக்டர் இதைக் கொடுத்ததும் நின்றபடியே படி. சனிக்கிழமை முதல் வேலையாக ஊசிக்குப் போ. நர்ஸ் ஊசியைக் குறித்துவைக்கும் உன் மருத்துவப் புத்தகத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

எனெலெசி யாரிடமும் சொல்லவில்லை. நர்ஸ் குரலுக்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. அம்மாவுடையது என்று நினைத்துப் பாய்க்கடியில் கிடந்ததை எடுத்து, மூக்கால் வாசித்தேன்: "அடுத்த ஆளு வாம்மா! கருத்தடை ஊசி, மூணு மாசத்துக்கு ஒண்ணு!"

மாமா கையை நீட்டினார். "குடுடா, பாக்கலாம்." அட்டையில் உன் பெயர்.

"உக்காருங்கண்ணே, கோழி அடிச்சிருக்கோம், என்சிமாக் களி ஆறுது" என்று, எழுந்து போனவர்கள் பின்னாலேயே அம்மா ஓடினாள். அவர்கள் சாப்பிடக் கைகூடக் கழுவவில்லை. அன்றிலிருந்து அம்மா எனக்குத் தட்டு வைக்கிறாள், பேசுவதில்லை.

அத்தானுக்காகப் பள்ளியை விடாதே. என்னை என்ன வேண்டுமானாலும் செய். எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதினேன் இல்லையா? நான் மட்டும்தான் சிரித்தேன், அக்கா.

லிம்பானி