ஸ்டில் என்றால் இன்னும்

என் கண்ணுக்கு,

நீ நலமா? சின்னவளின் சளி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சௌக்கியம்.

சலவைக்கூடத்தில் துணி வண்டி என் தோளில் லேசாக இடித்துவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் என்னைப் படுக்கவைத்துக் கையை நீட்டச் சொன்னாள். பிறகு "ஸ்டில், ஸ்டில்" என்றாள். "ஸ்டில் முடியலையா?" என்று சூப்பர்வைசர் தினமும் கேட்பதால், அதற்கு ‘இன்னும்’ என்று ஓர் அர்த்தம்தான் எனக்குத் தெரியும். கையை இன்னும் நீட்டினேன். அவள் மறுபடி சொல்ல, இன்னும் நீட்டினேன். கூட வந்த டிரைவர் வாசலில் நின்று சிரித்தார்.

"அண்ணே, ஆடாம அசையாம இருங்கன்னு சொல்றாங்க."

அப்படியே கிடந்தேன். குளிர்ந்த அறை, மங்கிய வெளிச்சம், கண் செருகியது. நீ மாடியில் ஈரத்துணியை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாய். காற்றில் புடவை பறந்து உன்னை மறைத்தது, விலகியது.

"ஸ்டில் பெயின்?" என்று அவள் குரல் கேட்டது. இன்னும் வலிக்கிறதா என்கிறாள் என்று இந்த முறை புரிந்தது. ஆனாலும் நான் அசையவில்லை. அசைந்தால் நீ போய்விடுவாய்.

தைலம் ஒரு புட்டி அனுப்பு. உன் படமும் வேண்டும். நிமிர்ந்து நின்று எடுத்துக்கொள்ளாதே. நீ ஏதாவது வேலையாக இருக்கும்போது பெரியவளை எடுக்கச் சொல். படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்னவன்