சேமிக்காமல் விட்ட சுவிட்ச்

அக்காவைவிட ஒரு படி கூடுதலாகவே என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் உங்களை வேலை தெரியாதவர் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒத்தக்கடை தாண்டி நாம் நெட்வொர்க் போட்டுக் கொடுத்த ஆஸ்பத்திரியில்தான். உங்கள் கடைசி வேலை அங்கே கம்ப்யூட்டர்களை இணைக்கிற சுவிட்சில் வீலான் பிரித்தது. லேப், பில்லிங், பார்வையாளர் வைஃபை எல்லாம் ஒரே சுவிட்சில் ஓடினாலும் ஒன்றோடொன்று கலக்காதபடி தனித்தனியாக்கினீர்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாக ஓடியது.

போன வாரம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். யுபிஎஸ்ஸும் காலை வாரிவிட்டது. மின்சாரம் திரும்பியபோது, நீங்கள் பிரித்தது எதுவும் சுவிட்சில் இல்லை. லேப் ரிப்போர்ட் வார்டுக்குப் போகவில்லை. மதியம் வரை நர்சுகள் சீட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரி மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "செத்தவரக் குறை சொல்லக் கூடாது. ஆனா வேலை தெரியாம என்னத்தையோ செஞ்சிட்டுப் போயிட்டாரு."

தெரியாமலா? மதுரையில் எத்தனை கட்டடத்தில் கேபிள் இழுத்த கை அது! அதற்குத் தலையாட்ட நாலு பேர் வேறு.

உங்கள் மேலும் கோபம்தான். புதிதாக எதைச் செய்தாலும் அன்றைக்கே சேமிக்க மாட்டீர்கள். "ஒரு நாள் ஓடட்டும் மாப்ள. தப்பாப் போனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், பழையபடி ஆயிரும்" என்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நாள் உங்களுக்கு இருக்கிறது என்று யார் சொன்னது? நெஞ்சு வலிக்கு ஜெலுசில் குடித்துவிட்டுப் படுக்கிற ஆள் உண்டா?

அதைவிடக் கோபம் என் மேல். அன்று வண்டியை எடுக்கும்போது சொன்னீர்கள்: "நாளைக்கு நான் அவனியாபுரம் போறேன். நீ இங்க வந்து பாத்துட்டு சேவ் பண்ணிரு. மறந்துராத." சரி மச்சான் என்றேன். விடிந்தபோது நீங்கள் இல்லை. உங்களைத் தூக்கிப் போனேன், கொள்ளி வைக்கும்வரை நின்றேன், சுவிட்சை மறந்தேன். அதன் பிறகாவது ஒரு நாள் நினைவு வந்திருக்க வேண்டாமா? ஒரே ஒரு கட்டளை, ஒரு என்டர், அவ்வளவுதான் பாக்கி.

மேனேஜர் பேசியபோதும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஆஸ்பத்திரி வேலை கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம்.

பேச்சு செல்லூர் வீடுவரை போய் அக்கா காதிலும் விழுந்துவிட்டது. நேற்று சோறு போட்டபடியே கேட்டாள்: "அவரு செஞ்ச வேலை தப்பாமே, நெசமாடா?"

"தெரியலக்கா" என்றேன். தெரியலையாம்! அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு அதைச் சொன்னேன். என்னை எதால் அடிப்பது மச்சான்?

திங்கட்கிழமை அதே மேனேஜர் முன்னால், அதே நாலு பேர் முன்னால் சொல்வேன்: அவர் வேலை சரி, சேமிக்க மறந்தவன் நான். அதற்கு முன்னால் இன்றைக்கே அக்காவிடம் சொல்கிறேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு அவள் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

அக்கா முகத்தை நினைத்துப் பயந்தபடியே கிளம்பும்,
உங்கள் மாப்ள